வாசகர் கேள்வி–பதில்: பாட்டின் நடுவே கணினி ஏன் திக்குகிறது?

வீட்டில் ஒரு மடிக்கணினியும் ஒரு மைக்கும், மைக்கின் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டியும் வைத்துக்கொண்டு பாடல் பதிவு செய்கிறவர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன. பாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘டக், டக்’ என்று ஒலி அறுபடுகிறது, சில வேளைகளில் விட்டுவிட்டுக் கேட்கிறது. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கும்பகோணத்தில் வீட்டு மாடி அறையில் பக்திப் பாடல்களுக்கு இசையமைத்துப் பதிவு செய்துவருகிறேன். விண்டோஸ் மடிக்கணினி, 8 ஜிபி ரேம், கியூபேஸ் மென்பொருள். குரல், வாத்தியம் என்று தனித்தனியாகப் பதியும் டிராக்குகள் இருபதைத் தாண்டியதும் ஒலி திக்கத் தொடங்கிவிடுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் பிராசசர் 35 சதவீதத்துக்கு மேல் போவதே இல்லை. கடையில் கேட்டால் புதிய மடிக்கணினி வாங்கச் சொல்கிறார்கள். கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கடன் வாங்காதீர்கள். கீழே சொல்லியிருப்பவற்றை ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு, அதன் பிறகும் தேவைப்பட்டால் யோசிக்கலாம். பிராசசர் 35 சதவீதம்தான் வேலை செய்கிறது, ஆனாலும் ஒலி அறுபடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே நோயின் குறி இருக்கிறது. கணினியிடம் பலம் மிச்சம் இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் வேலை முடியாமல் போவதுதான் உங்கள் சிக்கல்.

கல்யாணப் பந்தியில் சாம்பார் பரிமாறுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையிலிருக்கும் வாளிதான் பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலியின் அளவு. வாளி சிறியதாக இருந்தால் சாம்பார் கொதிக்கக் கொதிக்க இலைக்கு வந்துசேரும். ஆனால் அவர் நொடிக்கொரு தரம் சமையற்கட்டுக்கு ஓட வேண்டும்; வழியில் யாராவது நிறுத்தி நலம் விசாரித்தால்கூட ஓர் இலையில் வெறும் சோறு காத்திருக்கும். வாளி பெரியதாக இருந்தால் அந்த ஓட்டம் குறையும், ஆனால் சாம்பார் ஆறிப்போய் வரும். ஒலியில் அந்த ஆறிப்போவதற்குப் பெயர் தாமதம், அதாவது லேட்டன்சி.

இதைக் கணக்காகவும் பார்த்துவிடலாம். கணினி ஒலியைச் சாம்பிள் என்னும் சிறு துளிகளாக எண்ணுகிறது. நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற வேகத்தில், பஃபரை 128 சாம்பிள் என்று வைத்திருந்தால், ஒரு வாளி 2.9 மில்லிசெகண்டுக்குத்தான் தாங்கும். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 344 முறை, எல்லா டிராக்குகளின் கணக்கையும் முடித்து இன்டர்ஃபேஸிடம் ஒப்படைக்க வேண்டும். அவற்றில் 343 முறை சரியாகக் கொடுத்து ஒரே ஒரு முறை பிந்தினாலும் காதில் ‘டக்’ என்று விழும். டாஸ்க் மேனேஜர் காட்டும் எண்ணோ, ஒரு நொடி அளவிலான நேரத்தில் பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் எல்லாக் கோர்களுக்கும் சேர்த்து எடுத்த சராசரி. அந்தச் சராசரிக்குள் 2.9 மில்லிசெகண்டில் நேர்ந்த தவறு தெரியவே தெரியாது.

அதோடு, ஒரு டிராக்கில் ஒரு வாத்தியமும் அதன் பின்னால் ஒலியை மாற்றியமைக்கும் ஆறு பிளக்-இன்களும் வரிசையாக இருந்தால், முதலாவது முடிந்தால்தான் இரண்டாவது தொடங்க முடியும் என்பதால், அந்தச் சங்கிலி பெரும்பாலும் ஒரே கோரின் தலையில்தான் விழுகிறது. எட்டு திரெட் (ஒரே சமயத்தில் நடக்கக்கூடிய வேலை வரிசைகள்) உள்ள பிராசசரில் ஒரு திரெட் மூச்சுமுட்ட வேலை செய்தாலும் டாஸ்க் மேனேஜரில் அது 12.5 சதவீதமாகத்தான் தெரியும். எல்லா டிராக்குகளும் வந்து கலக்கும் மாஸ்டரில் அடுக்கி வைத்திருக்கும் பிளக்-இன்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும், ஏனென்றால் மற்ற எல்லா டிராக்குகளும் முடிந்த பிறகுதான் அவை வேலையைத் தொடங்கவே முடியும். லீனியர் ஃபேஸ் ஈக்யூ, ஓவர்சாம்பிளிங்கை உச்சத்தில் வைத்த லிமிட்டர் போன்ற கனமான பிளக்-இன்கள் இசையமைக்கிற நாட்களில் மாஸ்டரில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை; டிராக்குகளைக் கலந்து சரிசெய்யும் மிக்ஸிங்கின் கடைசி நாளில் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் செய்ய வேண்டியது பஃபரை வேலைக்குத் தகுந்தபடி மாற்றும் பழக்கம். பாடகர் பாடும்போதும் கீபோர்டில் வாசித்துப் பதியும்போதும் 128 அல்லது 256 போதும். பதிவெல்லாம் முடிந்து மிக்ஸிங்குக்கு உட்காரும்போது 1024 வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு வாளிக்கு 23 மில்லிசெகண்ட் அவகாசம் கிடைக்கிறது; யாரும் பாடாத நேரத்தில் அந்தத் தாமதத்தால் யாருக்கும் தொல்லை இல்லை. எனக்கு எழுதுகிறவர்களில் பலர் ‘லேட்டன்சி குறைவாக இருந்தால்தான் ஒலித்தரம் நன்றாக இருக்கும்’ என்று நம்பி, மிக்ஸிங்கின்போதும் 64-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பஃபரின் அளவுக்கும் ஒலியின் தரத்துக்கும் தொடர்பே இல்லை. பதிவின்போதுகூட, பாடகர் தம் குரலை இன்டர்ஃபேஸிலிருந்தே நேராகக் கேட்கும்படி டைரக்ட் மானிட்டர் பொத்தானைப் போட்டுவிட்டால், குரலைப் பொறுத்தவரை பெரிய பஃபரிலும் பதிய முடியும்.

இரண்டாவதாக, கியூபேஸின் ஸ்டுடியோ செட்டப்பில் எந்த டிரைவர் (கருவியையும் கணினியையும் இணைக்கும் மென்பொருள்) தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த ஏசியோ என்னும் முறை, விண்டோஸின் வழக்கமான ஒலிப் பாதையில் சுற்றிப் போகாமல் மென்பொருளை இன்டர்ஃபேஸோடு நேரடியாகப் பேசவைக்கிறது. உங்கள் இன்டர்ஃபேஸைத் தயாரித்தவர்கள் கொடுத்திருக்கும் ஏசியோ டிரைவரை அவர்களுடைய தளத்திலிருந்தே இறக்கி நிறுவுங்கள். இன்டர்ஃபேஸைச் செருகியதும் விண்டோஸ் தானாகவே அதை அடையாளம் கண்டுகொண்டதே என்று அதோடு விட்டுவிடக் கூடாது. பொதுவான ஏசியோ டிரைவர்கள் சொந்த டிரைவர் இல்லாத கருவிகளுக்கானவை.

மூன்றாவதாக, கியூபேஸில் எஃப்12 விசையை அழுத்தினால் ஆடியோ பெர்ஃபார்மன்ஸ் என்ற சிறிய பலகை திறக்கும். டாஸ்க் மேனேஜரை மூடிவிட்டு இதைப் பாருங்கள். ரியல்-டைம் பீக் என்ற கோடு எந்த டிராக்கைத் தொடும்போது எகிறுகிறது என்று ஒவ்வொரு டிராக்காக நிறுத்தி நிறுத்திக் கவனித்தால், குற்றவாளி பெரும்பாலும் ஒன்றிரண்டு டிராக்குகளுக்குள் அடங்கிவிடும். அவற்றை ஃப்ரீஸ் செய்யுங்கள், அதாவது முன்பே கணக்கிட்ட ஒலியாக மாற்றிவையுங்கள். டிராக்கின் மானிட்டர் பொத்தான் (உள்ளே வரும் ஒலியை உடனே கேட்கவைப்பது) எரிந்துகொண்டே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நேரடியாக வாசிக்கப்படாத டிராக்குகளை கியூபேஸின் ஏசியோ-கார்டு என்னும் வசதி முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். ஆனால் மானிட்டர் போட்ட டிராக், யாரும் வாசிக்காவிட்டாலும், அவசரப் பாதையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். சென்ற வாரம் பதிந்த வீணையின் மானிட்டரை அணைக்க மறந்து, இந்த வாரம் கணினியைத் திட்டிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் திக்கினால், வழியில் நிறுத்தி நலம் விசாரிக்கிற ஆள் யார் என்று தேட வேண்டியதுதான். வைஃபை, கிராபிக்ஸ், புளூடூத், பேட்டரி என்று கணினியின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு டிரைவர் இருக்கிறது. அவற்றுக்கு அவசரம் வந்தால் பிராசசர் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அவற்றைத்தான் முதலில் கவனிக்கும். ஒழுங்கான டிரைவர் மைக்ரோசெகண்டுகளில் விலகிக்கொள்ளும். சரியாக எழுதப்படாத ஒன்று மில்லிசெகண்டுக் கணக்கில் வழியை மறித்துக்கொண்டு நிற்கும். இதைக் கண்டுபிடிக்க லேட்டன்சிமான் என்ற மென்பொருள் உதவும். அதை ஓடவிட்டு, வழக்கம்போலப் பாடலையும் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு டிரைவர்கள் பட்டியலை அதிக நேரம் எடுத்துக்கொண்டதன்படி வரிசைப்படுத்தினால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். என்டிஐஎஸ் என்ற பெயர் மேலே நின்றால் அது வைஃபை போன்ற நெட்வொர்க் பக்கத்தைக் காட்டுகிறது. ஏசிபிஐ என்றால் மின்சார நிர்வாகத்தின் பக்கம்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். வயதான ஓதுவார் ஒருவர் என் அறையில் அமர்ந்து விருத்தமாகப் பாடிக்கொண்டிருந்தார். தாளம் இல்லாத பாட்டு, நீண்ட கார்வைகள். ஏறத்தாழ நிமிடத்துக்கொரு முறை, கார்வையின் நடுவில், நகத்தால் மேசையைச் சுண்டியது போல ஒரு சத்தம். கேபிளை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், இன்டர்ஃபேஸைக்கூட இரவல் வாங்கி மாற்றிப் பார்த்தேன், எதற்கும் போகவில்லை. கடைசியில் மடிக்கணினியின் வைஃபை, அக்கம்பக்கத்தில் வேறு நெட்வொர்க் இருக்கிறதா என்று அவ்வப்போது தேடுகிறது என்பதும், தேடும்போதெல்லாம் அதன் டிரைவர் வழியை அடைக்கிறது என்பதும் தெரியவந்தது. வைஃபையை அணைத்ததும் சத்தம் நின்றது. அதற்குள் அவருடைய குரல் களைத்துப்போயிருந்தது, அன்றைய பதிவு அன்றோடு போயிற்று. அன்றிலிருந்து யாரையும் மைக் முன்னால் உட்காரவைக்கும் முன்பே ஏரோப்ளேன் மோடைப் போட்டுவிடுகிறேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இணையத்தில் ‘ஆடியோவுக்காக விண்டோஸில் செய்ய வேண்டிய இருபது மாற்றங்கள்’ என்ற வகைப் பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே மாலையில் செய்துவிடாதீர்கள். ஒரு மாற்றம், பத்து நிமிடச் சோதனை, குறிப்பேட்டில் ஒரு வரி என்று போனால்தான் எது மருந்து, எது வீண் என்று உங்களுக்குத் தெரியும். ஆன்டிவைரஸை மொத்தமாக நீக்கவும் வேண்டாம். உங்கள் பாடல் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை மட்டும் அதன் சோதனையிலிருந்து விலக்கி வையுங்கள். இத்தனைக்குப் பிறகும் பணம் செலவழித்தே தீர வேண்டுமென்றால், உங்கள் மடிக்கணினி இடம் கொடுக்குமானால், ரேமை 16 ஜிபியாக உயர்த்துவது புதிய கணினியின் விலையில் சிறு பங்கில் முடிந்துவிடும்.

கேள்வி: வேலூர். காலையில் ஒழுங்காக ஓடும் அதே ப்ராஜெக்ட், மதியம் ஒரு மணி நேரம் வேலை பார்த்ததும் திக்குகிறது. மின்சாரம் போய்விட்டால் அந்த நொடியிலிருந்தே திக்குகிறது, பேட்டரி முழுதாக இருந்தாலும் அப்படித்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. இரண்டு வேளையிலும் பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. முன்னதில் சூட்டால், பின்னதில் மின்சாரச் சிக்கனத்தால்.

மடிக்கணினிப் பெட்டியில் அச்சிடப்பட்ட வேகம் எப்போதும் கிடைக்கிற வேகம் அன்று. எடுத்துக்காட்டாக இன்டெலின் ஐ5-10210யு சிப்பின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போ வேகம் 4.2 கிகாஹெர்ட்ஸ். சூடு ஏறாதவரை டர்போவுக்குப் பக்கத்தில் ஓடும். சூடு எல்லையைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெல்ல மெல்லக் கீழிறங்கும். காலையில் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிய கணக்கு, மதியம் 2-க்குக் கீழே ஓடினால், 2.9 மில்லிசெகண்டில் முடிந்த வேலை இப்போது முடியாது. டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ‘ஸ்பீடு’ என்று ஒரு எண் இருக்கும். திக்கத் தொடங்கும் கணத்தில் அது எவ்வளவு காட்டுகிறது என்று காலையும் மதியமும் குறித்துவையுங்கள்.

உங்கள் ஊர் வெயிலில் நாம் பதிவு செய்யும் முறையே கணினிக்கு எதிராக இருக்கிறது. சத்தம் வரக் கூடாது என்று ஃபேனை நிறுத்துகிறோம், ஏசியை அணைக்கிறோம், சன்னலை மூடிப் போர்வையும் தொங்கவிடுகிறோம். பாடகருக்கு வியர்க்கிறது என்று இரண்டு டேக்குக்கு நடுவில் கதவைத் திறக்கிறோமே, அந்த இடைவேளையில் கணினியையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். மடிக்கணினியைப் படுக்கையிலோ தலையணையிலோ வைக்கவே கூடாது. அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும். பின்பக்கத்துக்கு அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஏதாவது முட்டுக் கொடுங்கள். வாங்கி மூன்று வருடம் ஆகிவிட்டதென்றால், பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்துத் திறந்து, ஃபேனிலும் ரேடியேட்டரிலும் படிந்திருக்கும் தூசியைத் தட்டி, சிப்பின் மேலுள்ள தெர்மல் பேஸ்டையும் மாற்றச் சொல்லுங்கள். செலவு குறைவு, பலன் பெரிது.

மின்சாரம் போகும்போது நேர்வது வேறு. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் மின்சாரத்தில் ஓடும்போது ஒரு விதி, பேட்டரியில் ஓடும்போது ஒரு விதி என்று தனித்தனியாக இருக்கின்றன. பேட்டரிக்கான பகுதியிலும் ஹை பெர்ஃபார்மன்ஸ் திட்டத்தைப் போட்டு, யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை இரண்டு பகுதிகளிலும் டிசேபிள் செய்யுங்கள். இல்லையென்றால் சிக்கனம் கருதி யுஎஸ்பி கருவிகளை விண்டோஸ் உறங்கவைக்கப் பார்க்கும். இதற்குப் பிறகும் பேட்டரியில் வேகம் குறைந்தால், உற்பத்தியாளரே வன்பொருளில் வைத்த கட்டுப்பாடு அது. அதை மீற முயல வேண்டாம். மின்வெட்டு நேரத்தில் பஃபரை 1024-க்கு ஏற்றிவிட்டு எடிட்டிங் வேலைகளை வைத்துக்கொள்வதே நல்லது.

கேள்வி: யாழ்ப்பாணம். யுஎஸ்பி மைக் ஒன்றில் பாடிப் பதிகிறேன். கேட்பது மடிக்கணினியின் ஹெட்ஃபோன் துளையில். இரண்டையும் ஏசியோ4ஆல் என்ற பொதுவான ஏசியோ டிரைவர் மூலம் சேர்த்திருக்கிறேன். ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, மணி அடித்தாற்போலத் தவறாமல் ஒரு ‘டிக்’ கேட்கிறது. பஃபரை 128-இலிருந்து 256 ஆக்கினால் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறையாகக் குறைகிறது, முற்றிலும் போகவில்லை.

பதில்: கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து எழுதினீர்களே, அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த ஒரு குறிப்பே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. ஒழுங்கற்று வரும் திக்கலுக்குக் காரணம் வேலைப்பளு; சீராக வரும் ‘டிக்’குக்குக் காரணம் பெரும்பாலும் கடிகாரங்கள்.

ஒவ்வொரு ஒலிக் கருவிக்குள்ளும் தனிப் படிகம் ஒன்று இருந்து நொடிக்கு 44,100 என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. இரண்டு கைக்கடிகாரங்கள் எவ்வளவு நல்லவையானாலும் ஒரு மாதத்தில் சில நொடிகள் விலகிப்போவது போல, உங்கள் மைக்கின் படிகமும் மடிக்கணினியின் படிகமும் மிகச் சிறிதளவு விலகித்தான் எண்ணும். ஒன்று 44,100 எண்ணும் நேரத்தில் மற்றொன்று 44,101 எண்ணுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஒரு சாம்பிள் மிஞ்சுகிறது அல்லது குறைகிறது. 128 நொடியில் 128 சாம்பிள் கொண்ட ஒரு பஃபரே காலியாகிவிடுகிறது, அந்த இடத்தில் ‘டிக்’. 128 நொடி என்பது இரண்டு நிமிடமும் எட்டு நொடியும். நீங்கள் பஃபரை இரட்டிப்பாக்கியதும் இடைவெளியும் இரட்டிப்பானதன் காரணம் இதுவே.

ஆகவே எந்த பஃபர் அளவும் இதைத் தீர்க்காது, தள்ளிப்போட மட்டுமே செய்யும். உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே கருவியின் வழியாக இருக்க வேண்டும். உங்கள் மைக்கிலேயே ஹெட்ஃபோன் துளை இருந்தால் அதிலேயே கேளுங்கள், அதோடு குறை தீர்ந்துவிடும். இல்லையென்றால், இன்டர்ஃபேஸில் செருகும் சாதாரண எக்ஸ்எல்ஆர் மைக் ஒன்றையும் இரண்டு உள்ளீடு கொண்ட சிறிய இன்டர்ஃபேஸையும் நோக்கிச் சேமிக்கத் தொடங்குங்கள். மேக் வைத்திருப்பவர்கள் இரண்டு கருவிகளை அக்ரிகேட் டிவைஸாகச் சேர்க்கும்போது டிரிஃப்ட் கரெக்ஷன் என்ற பெட்டியில் குறியிட்டால், ஒன்றின் வேகத்துக்கு மற்றொன்று சரிசெய்யப்படும்.

கேள்வி: மதுரை. ஸ்பீக்கரில் விடாமல் ஒரு ‘உர்ர்’ சத்தம். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது. இதுவும் பஃபர் கோளாறுதானா?

பதில்: இது பஃபர் கோளாறு அன்று, எர்த் கோளாறு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. உங்களுக்குக் கேட்பது அதன் முனகல். மடிக்கணினியையும் ஸ்பீக்கர்களையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுங்கள், இன்டர்ஃபேஸுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே பேலன்ஸ்டு டிஆர்எஸ் கேபிள் போடுங்கள், வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதியுங்கள். சத்தம் போவதற்காக எர்த் முனையை உடைத்துவிடுமாறு யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது உயிரோடு விளையாடுவது.

கேள்வி: சேலம். வயலின் கூட்டிசைக்கான பெரிய சாம்பிள் லைப்ரரியை (முன்பே பதிந்த வாத்திய ஒலிகளின் தொகுப்பை) வெளி ஹார்டு டிஸ்கில் வைத்திருக்கிறேன். ப்ராஜெக்டைத் திறந்து முதல் முறை ஓடவிட்டால் பயங்கரமாகத் திக்குகிறது. அதே இடத்தை இரண்டாம் முறை ஓடவிட்டால் சரியாக இருக்கிறது.

பதில்: முதல் முறை திக்கி இரண்டாம் முறை சரியாவது டிஸ்கின் கைரேகை. இத்தகைய லைப்ரரிகள் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை வாசிக்கும்போதுதான் டிஸ்கிலிருந்து இழுக்கின்றன. ஒருமுறை இழுத்தது ரேமில் தங்கிவிடுவதால் மறுமுறை தடையில்லாமல் ஓடுகிறது.

வெளி ஹார்டு டிஸ்குகளில் பல நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றுபவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். தேவையான இடம் ஊசிக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அதில் பாதி. ஊசி நகர்ந்து போகும் நேரம் அதற்கு மேல். ஒவ்வொரு தேடலுக்கும் 15 மில்லிசெகண்ட் என்று வைத்தால் நொடிக்கு அறுபத்தாறு தேடல்தான் முடியும். நீங்கள் இரண்டு கையாலும் ஒரு கார்டு, அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து, வாசிக்கிறீர்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அருகில் வைத்த மைக், தூரத்தில் வைத்த மைக் என்று பல பதிவுகள் சேர்ந்து ஒலிக்கின்றன. பழைய ஸ்வரங்களின் வால் இன்னும் அடங்கவில்லை. டிஸ்க் என்ன செய்யும், பாவம்.

இங்கே மட்டும் நான் செலவழிக்கச் சொல்வேன். நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரிகளுக்குப் போதுமான ஒரு எஸ்எஸ்டி வாங்கி அவற்றை அதற்கு மாற்றுங்கள். அதில் சுற்றும் தட்டும் ஊசியும் இல்லாததால் இந்தத் தேடல் நேரமே இல்லாமல் போகிறது. அதை யுஎஸ்பி 3 துளையில் நேராகச் செருகுங்கள். இன்டர்ஃபேஸ் இருக்கும் அதே ஹப்பில் வேண்டாம். வாங்கும்வரை, தேவையில்லாத மைக் நிலைகளை லைப்ரரிக்குள்ளேயே அணைத்துவைத்தும், வாசித்து முடித்த டிராக்குகளை ஆடியோவாக மாற்றியும் சமாளிக்கலாம்.

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம். எங்கள் ஊர்க் கோயில் கொடையில் எண்பது வயது தாண்டிய வில்லுப்பாட்டுப் புலவர் ஒருவர் பாடியதை மடிக்கணினியில் இரண்டு மணி நேரம் பதிந்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் முப்பது நாற்பது இடங்களில் ‘டக்’ என்ற வெட்டு. இனி அவர் முழுக்கதையையும் பாடுவார் என்று சொல்ல முடியாது. காப்பாற்ற வழி உண்டா?

பதில்: உண்டு. பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடலாம், மனம் தளராதீர்கள். ஆனால் எதையும் தொடுவதற்கு முன் அந்தக் கோப்பை இரண்டு தனித்தனி இடங்களில் நகல் எடுத்து வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

முதலில், வெட்டு உண்மையிலேயே கோப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோப்பை ஒரு செல்பேசிக்கு மாற்றி ஹெட்ஃபோனில் கேளுங்கள். வெட்டுகள் மறைந்துவிட்டாலோ ஒவ்வொரு முறையும் இடம் மாறிக் கேட்டாலோ, கோப்பு நலமாக இருக்கிறது, உங்கள் கணினிதான் ஓட்டும்போது திக்குகிறது. அதே இடங்களில் அப்படியே கேட்டால் பதிவின்போதே சாம்பிள்கள் தவறிவிட்டன.

அப்படித் தவறியிருந்தால், ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்து, ஒரு வெட்டின் மேல் சாம்பிள்கள் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும்வரை பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டில் ஒன்று தெரியும். அலை நடுவில் படுத்து, சில மில்லிசெகண்ட் நேர்கோடாகக் கிடந்து, மீண்டும் எழும். அல்லது மேலே போய்க்கொண்டிருந்த அலை சட்டென்று வேறோர் உயரத்துக்குத் தாவியிருக்கும். நேர்கோடாக இருந்தால் அந்த இடத்தில் ஒலி இல்லை, நேரம் இருக்கிறது. தாவியிருந்தால் நேரத்தையும் சேர்த்தே விழுங்கிவிட்டது. 128 சாம்பிள் போயிருந்தால்கூட அது 2.9 மில்லிசெகண்ட்தான் என்பதால் தாளம் பிசகியதாகக் காதுக்குத் தெரியாது. அந்தத் தாவலின் கூர்மைதான் ‘டக்’ என்று கேட்கிறது. ஆடாசிட்டியில் ரிப்பேர் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதிகபட்சம் 128 சாம்பிள்வரை தேர்ந்தெடுத்தால், இருபுறமும் உள்ள அலையின் போக்கைக் கணித்து நடுவை நிரப்பித் தரும். அதைவிட நீளமான நேர்கோட்டை வெட்டியெடுத்துவிட்டு, இரண்டு முனைகளும் பூஜ்யக் கோட்டைத் தொடும் இடங்களில் சேர்த்து, மூன்று நான்கு மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேடு (ஒன்று மெல்லத் தணிய மற்றொன்று மெல்ல எழும் இணைப்பு) கொடுங்கள்.

ஒரு தவறை மட்டும் செய்துவிடாதீர்கள். தானாகவே கிளிக்குகளை நீக்கும் கருவிகளைக் கோப்பு முழுவதற்கும் ஓடவிட வேண்டாம். வில்லின் நாணில் வீசுகோல் விழும் முதல் கணமும், ஜால்ராவின் தொடக்கமும் அந்தக் கருவிக்குக் கிளிக் போலவே தெரியும். அவற்றையும் சீவித் தள்ளிவிடும். பிறகு புலவரின் குரல் இருக்கும், வில்லுப்பாட்டு இருக்காது. வெட்டு இருக்கும் இடத்தை மட்டும் கையால் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். நாற்பது இடங்களென்றால் இரண்டு மாலை வேலை. ஒரு சொல்லே சிதைந்திருக்கும் இடத்தில், புலவர் அந்த அடியை மீண்டும் பாடியிருந்தால் அங்கிருந்து அந்தச் சொல்லை எடுத்துப் பொருத்தலாம். ஆனால் எந்த நிமிடத்தில், எந்தச் சொல்லை மாற்றினீர்கள் என்று எழுதிவையுங்கள். நாளை இந்தக் கதையின் பாடத்தைத் தேடி ஒருவர் உங்களிடம் வரக்கூடும்.

அடுத்த கொடையில் அவர் ஒரு பகுதியாவது பாட இசைந்தால், பஃபரை 1024-இல் வைத்து, வைஃபையை அணைத்து, பிளக்-இன் எதுவும் இல்லாமல் பதியுங்கள். வில்லின் அருகிலேயே ஒரு செல்பேசியையும் ஏரோப்ளேன் மோடில் பதிவு போட்டு வைத்துவிடுங்கள்.